பீவர் தோல் யாவாரத்து வார்த்தைய மண்டையில ஏத்துறது எப்படி

பீவர்னா ஆத்துல அணை கட்டி வாழுத ஒரு மிருகம், அதோட தோல வாங்கி வித்த வட அமெரிக்கா யாவாரிங்களோட பழைய டைரி, கணக்கு நோட்டு எதையாவது படிக்க உக்காந்தா வரிக்கு ஒரு வார்த்தை இடிக்கும், பாதி பிரெஞ்சு, மிச்சம் அங்கத்த பூர்வகுடியான கிரீ மக்களோட பாஷை, அகராதிய தூக்கிட்டு உக்காந்தா விடிஞ்சிரும். நான் என்ன பண்ணுவேன்னா, இதுக்கு நம்ம திருநெல்வேலி பக்கம் என்ன இருக்குன்னு முதல்ல யோசிப்பேன்.

சுமையில இருந்து ஆரம்பிங்க. 'பியேஸ்'னா ஒரு சரக்கு மூட்டை கட்டு, 90 பவுண்டு, நம்ம கணக்குக்கு 41 கிலோ. ஆத்துல அருவி குறுக்க வந்துச்சின்னா படகையும் சரக்கு கட்டுகளையும் கரையில தூக்கிட்டு நடக்கணும், அதுதான் 'போர்ட்டேஜ்', ஆளுக்கு ரெண்டு கட்டுவே! நடுவுல இறக்கி வச்சி மூச்சு வாங்குத இடம் 'போஸ்'. நம்ம பழைய ரோட்டோரம் சுமைதாங்கி நிக்குல்லா, அதே வேலைதான், ஆனா அங்க கல்லு கிடையாது. போர்ட்டேஜ் எம்புட்டு நீளம்னு கேட்டா இத்தன போஸ்னு சொல்லுவாங்க, தண்ணியில போற தூரத்துக்கு இத்தன 'பைப்', அதாவது ஒரு தடவ புகை பிடிக்க நிறுத்துனதுல இருந்து அடுத்த தடவ வரைக்கும். எங்க ஆச்சி கூப்பிடு தூரம்னு சொல்லுவாள்லா, அந்த மாதிரி.

அடுத்து கணக்கு, இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. 1670ல இங்கிலாந்துக்காரங்க தொடங்குன தோல் யாவார கம்பெனியான ஹட்சன் பே கம்பெனி 'மேட் பீவர்'னு ஒண்ண வச்சி கணக்கு எழுதுச்சி, நல்ல வளந்த பீவர் தோலு ஒண்ணுன்னா ஒரு மேட் பீவர். அந்த காலத்துல இங்க நெல்லுல கூலி பேசுன மாதிரின்னு வச்சிக்கோங்க. நோட்டுல பத்து மேட் பீவர்னு இருந்தா பத்து பீவர் வந்துச்சின்னு அர்த்தம் இல்ல, வேற தோலா இருக்கலாம், கம்பளியோட விலையாக்கூட இருக்கலாம். 'காஸ்டர் க்ரா'ன்னா ஆளுங்க உடுத்தி உடுத்தி மேல்முடி உதுந்த தோலு, அடிமுடிய வச்சி தொப்பி செய்யுதவனுக்கு அதுதான் தோது, அதனால உடுத்துன பழசுக்கு கிராக்கி!

தெரிஞ்ச மாதிரி இருக்க வார்த்தைய நம்பாதீங்க. யார்க் ஃபாக்டரியில புகைபோக்கி தேடாதீங்க, ஃபாக்டர்னு ஒரு கம்பெனி ஆளு இருந்து யாவாரம் பாத்த இடம் அது, தூத்துக்குடியில டச்சுக்காரன் வச்சிருந்தானே அந்த மாதிரி. 'பூர்ஷ்வா'ன்னா கட்சிக் கூட்டத்துல திட்டு வாங்குதவன் இல்ல, அங்க முதலாளி. பீவர நீர்நாய்னு மட்டும் எழுதிராதீங்க, நம்ம தாமிரபரணி நீர்நாய் மீன் திங்கும், பீவர் மரப்பட்டை திங்கும், நீர்நாய் தோலுக்கு அந்த கணக்குல வேற விலை. யாரையாவது 'பன்னிக்கொழுப்பு தின்னி'ன்னு எழுதிருந்தா சாப்பாட்ட யோசிக்காதீங்க, மான்ட்ரியல்ல இருந்து கோடையில மட்டும் வந்துட்டு திரும்புத படகுக்காரன, குளிர்காலம் பூரா காட்டுலயே கிடந்தவன் அப்படித்தான் நக்கலடிப்பான்.