ஒர்க்ஸ்பேஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது: டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் நம் கடற்கரை ஊர்களில் டிசைன் வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பதில்லை. பகலில் ராம்நாடு கடையில் ஃப்ளெக்ஸ், ராத்திரி தங்கச்சிமடத்து வீட்டில் லேப்டாப்பில் கல்யாண ஆல்பம், முகூர்த்த மாதம் வந்தால் கீழக்கரையில் இன்னொரு ஸ்டூடியோவுக்கு ஒத்தாசை. ஒவ்வொரு மெஷினிலும் போட்டோஷாப் பேனல்கள், அதாவது லேயர், கலர் மாதிரியான சின்னப் பெட்டிகள், ஒவ்வொரு மாதிரி கிடக்கும், கை பழகிய ஷார்ட்கட் வேறு எதையோ திறக்கும், பாதி நேரம் தேடுவதிலேயே போய்விடும். திரையில் இவற்றை நாம் அடுக்கி வைத்துச் சேமிக்கும் அமைப்புக்குத்தான் ஒர்க்ஸ்பேஸ் என்று பெயர். அதனால் என்றைக்காவது ஒருநாள் ‘நம்ம ஒர்க்ஸ்பேஸை பென்டிரைவில் எடுத்துட்டுப் போயிடுவோம்’ என்று இறங்குகிறோம். எடுப்பது சுலபம்தான், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் பாதிதான் வந்திருக்கும்.

ஒர்க்ஸ்பேஸ் என்றதும் நம்முடைய செட்டிங் மொத்தமும் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். போட்டோஷாப்பில் அதில் பதிவாவது முக்கியமாகப் பேனல்கள் எங்கே இருக்கின்றன என்பது. வீடு மாறும்போது எந்தச் சாமான் எந்த மூலையில் என்று எழுதி வைத்த சீட்டு மாதிரி. சாமான் அதற்குள் வராது. விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேஸ், அதில் நியூ ஒர்க்ஸ்பேஸ் என்று போனால் பெயர் கேட்கும் பெட்டியிலேயே கீபோர்டு ஷார்ட்கட், மெனு, டூல்பார் என்று தனித்தனியாக டிக் பெட்டிகள் இருக்கும். அவசரத்தில் பெயரை மட்டும் அடித்து சேவ் கொடுத்துவிட்டால் பேனல் மட்டும்தான் சேவ் ஆகும். அப்புறம் கடை மெஷினில் போய் ‘ஷார்ட்கட் வரலையே’ என்று நின்றுகொண்டிருப்போம்.

அந்த டிக் எல்லாம் போட்டாலும், திரும்பத் திரும்பச் செய்யும் படிகளைப் பதிந்து வைத்த ஆக்‌ஷன், பிரஷ், கலர் செட்டிங், ஃபான்ட், பிளக்இன் எதுவும் ஒர்க்ஸ்பேஸோடு வராது. 12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட் போடுகிறவருக்கு உயிரே ஆக்‌ஷனில்தான் இருக்கிறது, அதனால் ஆக்‌ஷனைத் தனியாக ஏடிஎன் ஃபைலாகச் சேமியுங்கள். இங்கே பலரும் மாட்டிக்கொள்வது, ஆக்‌ஷன் பேனலில் ஒரு ஆக்‌ஷன் மேல் கிளிக் செய்துவிட்டு சேவ் ஆக்‌ஷன்ஸ் ஏன் மங்கலாக இருக்கிறது என்று யோசிப்பது. மேலே இருக்கும் ஃபோல்டர் படம், அதாவது செட், அதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த வரி உயிர்பெறும். பிரஷ்களை பிரஷ் பேனல் மெனுவிலிருந்தே ஏபிஆர் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். கலர் செட்டிங்குக்கு எடிட் மெனுவில் அதற்கான பெட்டியிலேயே சேவ் பட்டன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டில் ஒரு கலர் புரொஃபைலிலும் கடையில் வேறு புரொஃபைலிலும் வேலை பார்த்தால், லேபிலிருந்து வரும் பிரின்ட்டில் பட்டுப்புடவையின் சிவப்பு மாறியிருப்பதற்கு லேப்காரரைத் திட்டிப் பயனில்லை. ரூலர் இன்ச்சா சென்டிமீட்டரா பிக்ஸலா என்பதும் எடிட் மெனுவில் உள்ள பிரிஃபரன்ஸில் இருக்கும் விஷயம், அதையும் புது மெஷினில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருகிறேன், நம் ஊர் வேலையில் இதுதான் அதிகம் காலை வாரும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் அடித்த தமிழ் சரியாக வர போட்டோஷாப்புக்குள் எழுத்தைக் கோர்க்கும் எஞ்சின் இந்திய மொழிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கொஞ்சம் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதியில் ஈஸ்ட் ஏஷியன் என்றும் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்றும் (பிற்பாடு இதற்கு வேர்ல்டு ரெடி லேஅவுட் என்று பெயர் வந்தது) தேர்வு இருக்கும். முதலாவது தேர்வில் இருந்தால் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகத் தள்ளி நிற்கும், ‘செய்தி’ என்று அடித்தால் கொம்பு போய் சகரத்துக்குப் பின்னால் உட்காரும். இந்தத் தேர்வு ஒர்க்ஸ்பேஸில் வருவதே இல்லை. அதனால் வீட்டில் அழகாக வந்த பத்திரிகை வாசகம், கடையில் புதிதாக ஒரு வரி சேர்க்கும்போது உடைகிறது, ஃபான்ட்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலு ஃபான்ட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிஃபரன்ஸில் மாற்றினால் அதற்குப் பிறகு திறக்கும் புது டாக்குமென்ட்டுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே அடித்த வரிக்கு அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பேராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைக் கொடுக்க வேண்டும். சமீபத்திய பதிப்புகளில் இரண்டும் ஒரே எஞ்சினாகிவிட்டதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நம் கடைகளில் ஓடுவதெல்லாம் சமீபத்திய பதிப்பா என்ன.

பாமினி மாதிரி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த, யூனிகோட் அல்லாத ஃபான்ட்டில் வேலை பார்த்தால் கணக்கே வேறு. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திருத்தப் போனால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். டைப்பிங் மென்பொருளில் எந்த விசைப்பலகை, தமிழ்99ஆ பாமினியா பழைய டைப்ரைட்டரா, என்பதையும் குறித்து வையுங்கள். சில டைப்பிங் மென்பொருள்கள் ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் மொழி மாறுகிற மாதிரி இருக்கும். நீங்கள் வைத்த ஷார்ட்கட்டும் அதுவும் ஒன்றாகிவிட்டால் இரண்டும் சரியாக வேலை செய்யாது.

அடுத்தது, புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டே ஃபைலைக் காப்பி செய்வது. போட்டோஷாப் தன்னுடைய பிரிஃபரன்ஸையும் ஆக்‌ஷனையும் மூடும்போதுதான் எழுதி வைக்கிறது. இன்று காலையில் உருவாக்கிய ஆக்‌ஷன், மதியம் கரன்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் காணாமல் போவது இதனால்தான். அதே போல, திறந்திருக்கும்போது செட்டிங் ஃபோல்டரை எடுத்தால் பழைய நிலைதான் கையில் வரும். போய்ச் சேரும் மெஷினில் திறந்து வைத்துக்கொண்டே போட்டால் நிலைமை இன்னும் மோசம், மூடும்போது நீங்கள் போட்டதன் மேலேயே தன்னுடையதை எழுதிவிடும். இரண்டு பக்கமும் மூடிவிட்டுச் செய்யுங்கள். முக்கியமான ஆக்‌ஷன் செய்த உடனே ஒருமுறை மூடித் திறப்பது நல்ல பழக்கம்.

ஃபோல்டர் எங்கே? விண்டோஸில் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, உங்கள் போட்டோஷாப் பதிப்பு, அதற்குள் செட்டிங்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். உள்ளே ஒர்க்ஸ்பேசஸ் என்று ஒரு ஃபோல்டரும், அதே பெயரோடு மாடிஃபைடு என்று சேர்த்து இன்னொன்றும் இருக்கும். இரண்டாவதில் இருப்பது நீங்கள் பேனலை இழுத்துக் கலைத்த பிறகான நிலை. நீங்கள் ஒழுங்காகப் பெயர் வைத்துச் சேமித்தது முதலாவதில் இருக்கிறது, அதை எடுங்கள். மொத்த செட்டிங்ஸ் ஃபோல்டரையும் அள்ளி, வேறு பதிப்பில் கொண்டுபோய்க் கொட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்கும் என்று நம்பவே முடியாது. ஒரே மெஷினில் பழையதிலிருந்து புதியதற்கு மாறுகிறீர்கள் என்றால் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் பகுதியில் மைக்ரேட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கடையில் பெரிய மானிட்டர், வீட்டில் சின்ன லேப்டாப் என்றால் ஒரே ஒர்க்ஸ்பேஸை இரண்டுக்கும் இழுக்காதீர்கள். இரண்டு மானிட்டரில் விரித்து வைத்ததை ஒற்றைத் திரையில் திறந்தால் சில பேனல்கள் திரைக்கு வெளியே போய் நிற்கும். ‘வீடு’, ‘கடை’ என்று இரண்டு பெயரில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அடுத்தவர் மெஷினில் உட்காரும்போதும் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். கடை அண்ணன் பத்து வருஷமாகப் பழகிய அமைப்பின் மேல் அதே பெயரில் சேவ் கொடுத்துவிட்டு வருவது சரியில்லை, அவருடைய மறுநாள் காலை முழுக்க அதிலேயே போய்விடும். ஏதாவது தகராறு என்றால் உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு திறந்து செட்டிங்கை அழிப்பதும் வேண்டாம். ரீசெட் ஒர்க்ஸ்பேஸ் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், நீங்கள் கடைசியாகச் சேமித்த நிலைக்கு அது திரும்பும்.

படகுப் பெயர் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் கோரல்டிராதான் ஓடுகிறது. ஜூன் 14 அன்று மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் எல்லாப் படகுக்கும் பெயர் வேண்டும் என்று ஆள் நிற்கும் நேரத்தில் புது மெஷினில் தடவிக்கொண்டிருக்க முடியாது, அதனால் முன்கூட்டியே ஒர்க்ஸ்பேஸை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அதில் டூல்பார், டாக்கர் (கோரலில் பேனலுக்கு இதுதான் பெயர்), ஷார்ட்கட் வரும். வேலையைத் தானாகச் செய்யும் சின்ன புரோகிராமான மேக்ரோ வராது, அதற்கான ஜிஎம்எஸ் ஃபைலைத் தனியாக எடுங்கள். திறக்கும்போது எஃப்8ஐப் பிடித்தால் ஒர்க்ஸ்பேஸ் ஆரம்ப நிலைக்குப் போய்விடும் என்பதால் எக்ஸ்போர்ட் செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

வீடியோ எடிட்டர்களுக்கு ஒரு வார்த்தை. பிரீமியர் புரோவில் இன்னொருவர் அனுப்பிய புராஜெக்ட்டைத் திறந்ததும் திரை அமைப்பே மாறிவிட்டது என்றால், விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேசஸுக்குள் புராஜெக்ட்டிலிருந்து ஒர்க்ஸ்பேஸை எடுத்துக்கொள்ளும் டிக் போடப்பட்டிருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். ஷார்ட்கட்டுக்கான கேஒய்எஸ் ஃபைல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அடோபி, பிரீமியர் புரோ, பதிப்பு எண், உங்கள் புரொஃபைல், வின் என்ற வரிசையில் இருக்கும். புது மெஷினில் பிரீமியரை ஒருமுறை திறந்து மூடிய பிறகே அங்கே அந்த ஃபோல்டர் உருவாகும். 3டி மென்பொருளான பிளெண்டரில் திரை அமைப்பு ஃபைலுக்குள்ளேயே சேவ் ஆகிறது, அடுத்தவர் ஃபைலைத் திறக்கும்போது லோட் யூஐ டிக்கை எடுத்துவிட்டால் உங்கள் அமைப்பு அப்படியே நிற்கும்.

எடுத்து வைத்தது எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் விடாதீர்கள். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு யூஎஸ்பி முனை பச்சை பூத்துப்போகிறது, கடைக்குக் கடை செருகுவதில் வைரஸ் வேறு. மொத்தமும் ஜிப் செய்தால் அதிகம் இடம் பிடிக்காது, உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பிவிடுங்கள், பதிப்பு எண்ணையும் தேதியையும் ஃபைல் பெயரிலேயே சேர்த்து. புது மெஷினில் போட்டதும் பழைய ஆல்பம் ஷீட் ஒன்றைத் திறந்து ஒரு தமிழ் வரி அடித்து, ஒரு ஆக்‌ஷனை ஓட்டி, கை தானாகப் போகும் நாலைந்து ஷார்ட்கட்டை அழுத்திப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகு பழைய மெஷினை ஃபார்மேட் போட்டுக்கொள்ளலாம்.