பக்கவாதத்துக்குப் பின் வரும் பயம்: அப்பாவைக் குளியலறைக்குப் பழக்கியது எப்படி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது குளியலறையில். தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் தூக்கினோம். மூன்று மாதத்தில் நடை தேறிவிட்டது. ஆனால் குளியலறை வாசலுக்குப் போனாலே வேர்த்துக் கொட்டும். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். பிடிவாதம் என்று நினைத்துக் கடிந்துகொண்டோம். அது பெரிய தப்பு. சாவைப் பக்கத்தில் பார்த்த மனம், அந்த இடத்தைக் கண்டதும் அந்த நிமிடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது.

கெட்ட கனவு, படுக்கவே பயம், வாய் கோணியிருக்கிறதா என்று ஓயாமல் கண்ணாடி பார்ப்பது. இவை ஒரு மாதம் தாண்டியும் போகவில்லையென்றால் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கை கால் பலத்தைக் கேட்பவர்கள் தூக்கத்தைக் கேட்க மறந்துவிடலாம்.

எங்களுக்கு மனநல மருத்துவர் சொல்லிக்கொடுத்த வழி இது. முதலில் தாழ்ப்பாளைக் கழற்றினோம். பிடிமானக் கம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டோம். முதல் வாரம் குளியலே இல்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. வாசலில் நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவைத்து, பக்கத்தில் நான் கீரை ஆய்ந்தேன். பயம் ஏறும்போது உடனே எழுப்பிக் கூட்டிப்போகக் கூடாது. அது தணியும்வரை கூடவே இருக்க வேண்டும். அப்புறம் நாற்காலி உள்ளே போனது. பிறகு கால் மட்டும் கழுவினார். ஒரு படி பழகாமல் அடுத்ததற்குப் போகவில்லை.

"தைரியமா இருங்கப்பா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "அன்னைக்கு உள்ளே என்ன நினைச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் கூப்பிட்டேம்மா, குரல் வரல" என்றார். பேச்சு பாதிக்கப்பட்டவர் என்றால், ஆமாம், இல்லை என்று தலையசைக்கிற மாதிரி கேளுங்கள். சொல்ல விருப்பமில்லாதவரைத் துருவ வேண்டாம்.

காரணமில்லாமல் பொங்கி வரும் அழுகை மூளையில் ஏற்பட்ட பாதிப்பாலும் வரலாம். மனச்சோர்வும் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுக்கும் மருந்து உண்டு. யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம்.

ஒன்றை மட்டும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். திடீரென்று முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அப்பா இப்போது கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார். சொம்புச் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்படிக்குப் போவதில்லை.