மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: துபாய், சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

சர்க்கரை இருக்கிறவர்கள் கால் எரிச்சல், மதமதப்பு என்று போனால் டாக்டர் ஒரு நரம்பு மாத்திரை எழுதுவார். வீட்டில் அதைச் சத்து மாத்திரை என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பல அட்டைகளில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று மெத்தில்கோபாலமின், அது பி12 வைட்டமின், அதனால் தொல்லை இல்லை. இன்னொன்று பிரீகாபாலின். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதாவது முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மகனைப் பார்க்க துபாய் போகும் அப்பா, அம்மா பையில் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். சந்தேகப்பட வேண்டியவை இவை: மூட்டுவலி, ஆபரேஷன் வலிக்குத் தரும் டிரமடால், டேபென்டடால், சில இருமல் சிரப்பில் இருக்கும் கோடீன், தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், சோல்பிடெம், கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குத் தரும் மெத்தில்பெனிடேட். பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்த மாத்திரையும் உண்டு. முன்பக்கம் பார்த்தால் சாதாரண வலி மாத்திரை போலவே இருக்கும். பிரஷர், தைராய்டு மாத்திரை, சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மாதிரியானவற்றுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. ஆனால் சீட்டு அதற்கும் வேண்டும்.

பட்டியலில் ஒன்று அகப்பட்டால் டாக்டரிடம் போய், இதற்குப் பதிலாக வேறு மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளோனசெபாம், அல்பிரசோலம், பிரீகாபாலின் எதையும் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாற்ற வாரக்கணக்கில் ஆகும். ஒரு மாதம் முன்பே என்று சொல்வது அதற்காகத்தான்.

மாற்ற முடியாது என்றால் அனுமதி வாங்க வேண்டும். அமீரகத்துக்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில், சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவர அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். மருந்துச் சீட்டு, நோயைப் பற்றிய மருத்துவ அறிக்கை, பாஸ்போர்ட் நகல் ஏற்ற வேண்டும். சிங்கப்பூரில் இதைப் பார்ப்பது சுகாதார அறிவியல் ஆணையம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கூடாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்றால் அதற்குள்ளேயும் முன் அனுமதி கேட்பார்கள். இரண்டு நாட்டுக்குமே குறைந்தது இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை நம்பாமல் இணையதளத்திலேயே பாருங்கள். அனுமதியில் 60 மாத்திரை என்று இருந்தால் பையிலும் அதற்கு மேல் இருக்கக் கூடாது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் பெயரில். ஓ.பி. சீட்டில் 'மு. கண்ணன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக 'கண்ணன் முத்துசாமி' என்று வந்திருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு இவை இரண்டு ஆள். டாக்டரிடம் போகும்போது பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய், அதில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் கடிதம் கேளுங்கள். லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தட்டச்சு செய்து வாங்குங்கள். அதில் நோய் என்ன, மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாளைக்கு, டாக்டரின் மருத்துவ கவுன்சில் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி அரசு மருத்துவமனையில் பார்ப்பவர்கள் ஓ.பி. சீட்டோடு நின்றுவிடாமல், கூட்டம் குறைந்த நேரமாகப் போய் இந்தக் கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது கத்தரிக்கோல். பத்து மாத்திரை அட்டையில் ஆறு போதும் என்றால் மெடிக்கல் ஷாப்பில் வெட்டிக் கொடுப்பார்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் மிச்ச நாலோடு கடையிலேயே தங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத ஆறு குழி. வெளிநாட்டுக்கு என்றால் முழு அட்டையாகவே, டப்பாவோடு, பயணியின் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவை ஊர் போய்ச் சேர்ந்தபின் நிரப்பிக்கொள்ளலாம்.

மருந்தெல்லாம் கைப்பையில். பெட்டியில் போட்டால் அது தொலைகிற அன்று மருந்தும் தொலையும். இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் அடியில் உறைந்துபோனால் வீண்தான். ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வெயிலில் காரில் வருகிறவர்கள் டேஷ்போர்டு பக்கம் வைக்காமல் குளிர்பையில் வையுங்கள். ஐஸ்கட்டி நேராக இன்சுலின் மேல் படாமல் துணி சுற்றுங்கள். ஊசிக்கும் சேர்த்துக் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போகிறவர்கள் டிக்கெட்டைப் பாருங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் கொழும்பில் இறங்கி, பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஏற வேண்டியிருக்கலாம். அப்போது இலங்கைச் சட்டமும் உங்கள் பைக்குப் பொருந்தும்.

மருந்தில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: கசகசா. கறிக்குழம்புக்கும் குருமாவுக்கும் அரைக்கிற அதே கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், ஏனென்றால் அது அபினிச் செடியின் விதை. மகளுக்கு வறுத்துத் திரித்துக் கொடுக்கும் மசாலாப்பொடியில் அது கலந்திருந்தாலும் கொண்டுபோகாதீர்கள். லேபிள் இல்லாத லேகியம், சூரணமும் வேண்டாம். சில சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா இலை சேர்ப்பது உண்டு.

"அண்ணே, தம்பிக்கு இந்த மாத்திரையை மட்டும் குடுத்துருங்க" என்று தெருவில் யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. உங்கள் பையில் இருந்தால் அது உங்கள் மருந்து. சீட்டு வேறொருவர் பெயரில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும்.

இறங்கியதும் சுங்கத்தில் சொல்ல வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய், கேட்பதற்கு முன்பே அனுமதித் தாள், கடிதம், சீட்டு, பில் நாலையும் எடுத்துக் காட்டுங்கள். நகல் ஒரு செட் பெட்டியில், படம் செல்போனில். பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றால் அழைக்க வருகிறவரின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அதோடு பின் போட்டுக் கொடுங்கள். தனியே கூப்பிட்டு விசாரித்தால் பதறாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.