குறைந்த கூலி வேலையில் சேருமுன்

குறைந்த கூலியில் சேர்ந்தால் தொழில் கற்று மேலே வரலாம் என்பார்கள். ஆனால் கூலி குறைவு என்பதற்காகவே ஒரு வேலை யாரையும் மேலே ஏற்றிவிடாது. ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ வேலை கேட்டுப் போனால் ஒன்றை விசாரியுங்கள்: அங்கே இன்று மேஸ்திரியாக இருப்பவர் கையாளாகச் சேர்ந்தவரா? ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்து ஏற்றுகிறவருக்கு ஐந்து வருடம் கழித்தும் பெரும்பாலும் அதே வேலைதான். ஐஸ் உறையவைக்கும் இயந்திரம் ஓடும் கம்ப்ரசர் அறைக்குள் விட்டால் கதை வேறு, அங்கே தொழில் கற்கலாம்.

விசைப்படகு இன்ஜின் பட்டறை நல்ல இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும். பட்டறையில் ஆள் பற்றாது. மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள்.

முதல் மாதம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டீசலில் பாகம் கழுவுவதும்தான். அதன்பிறகும் அதுவே என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "அண்ணே, கிளாண்ட் பேக்கிங் நான் போட்டுப் பார்க்கட்டுமா?" படகின் விசிறியைச் சுற்றும் ஷாப்ட் வெளியே போகும் இடத்தில் கடல்நீர் உள்ளே புகாமல் அடைப்பதுதான் கிளாண்ட் பேக்கிங். பேக்கிங் கயிற்றைச் சாய்வாக வெட்டி வளையமாக்கி, வெட்டு வாய்கள் ஒரே நேராக வராமல் திருப்பி வைத்து, நட்டுகளைச் சமமாக முறுக்குங்கள். ஷாப்ட் சுற்றும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரவேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் சூடேறி ஷாப்ட் தேயும். புதுப் பையன்கள் செய்யும் தப்பு இதுதான்.

செய்த வேலையை இன்ஜின் வகை, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பட்டறையில் கூலி பேச அது கைகொடுக்கும். முன்பணம் மட்டும் வேண்டாம். அது கழியும்வரை வேறு இடம் போக முடியாது. கூலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால், அதற்காக உங்களுக்குத் தரும் யூ.ஏ.என். எண்ணைக் குறித்து வையுங்கள், முதலாளி மாறினாலும் எண் மாறாது.