பெண் பிள்ளைகளும் ஃபுட்பாலும்: பதிமூன்று வயதில் நாம் செய்யும் தவறுகள்

2025 ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்தது. இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்ஃபோர். அதனால் 2026 ஆசியக் கோப்பைக்கு இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து நம் பெண்கள் அங்கே போவது அதுதான் முதல் முறை. எதிரில் நின்றது 2015, 2019 இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஆடிய அணி, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வடசென்னை வியாசர்பாடியில் பிராக்டிஸுக்குப் பிள்ளையை விட வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நம்ம பொண்ணு எப்பம்மா இந்த மாதிரி இந்தியாவுக்கு ஆடும்?"

அன்றைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது. அந்தப் பிள்ளை இந்தியாவுக்கு ஆடுமா என்பதில் பெரும்பங்கு டெல்லியில் முடிவாவதில்லை, ஆறு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் நம் தெருவிலும் நம் வீட்டிலும் முடிவாகிறது. நான் மாவட்ட அளவில் ஆடியவள், இப்போது சாயங்காலங்களில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் ஆடத் தெரியாமல் நின்றவர்கள் ரொம்பக் குறைவு. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, பதிமூன்று பதினான்கு வயதில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணமான தவறுகளைத்தான் எழுதுகிறேன். சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் களைய வேண்டும். "பொண்ணுங்க ஃபுட்பால் எல்லாம் இப்ப வந்ததுதானே" என்று நம் ஏரியாப் பெரியவர்களே சொல்கிறார்கள். 1975-லேயே பெண்கள் ஃபுட்பாலுக்கென்று நம் நாட்டில் தனிச் சம்மேளனம் இருந்தது. 1979-80-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம், 1983-லும் இரண்டாம் இடம். அந்த அணியில் ஆடிய சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். அப்புறம் ஏன் காணாமல் போனோம்? ஆண்களுக்குத் தேசிய லீக் 1996-ல் வந்தது, பெண்களுக்கு 2016-17-ல்தான் வந்தது. நடுவில் இருபது வருஷம். ஒரு தலைமுறைப் பெண்கள் நேஷனல்ஸ் (மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி) முடிந்தால் அடுத்த நேஷனல்ஸ் வரை மேட்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். திறமை இல்லாமல் பின்தங்கவில்லை, மேட்ச் இல்லாமல் பின்தங்கினோம். இது தெரிந்தால் "பொண்ணுங்களுக்கு வராது" என்ற பேச்சு வாயில் வராது. தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன், மதுரை சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தவறுகளுக்கு வருகிறேன். லேட்டாக ஆரம்பிப்பது முதல் தவறு. வியாசர்பாடியில் பையன் நடக்கக் கற்றதும் பந்தை உதைக்கிறான். தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் எல்லாம் அப்படி இந்தச் சந்துகளில் உதைத்து உதைத்து இந்தியாவுக்கு ஆடப் போனவர்கள். அதே வீட்டில் அவன் தங்கை ஏழாவது, எட்டாவது வந்த பிறகு, ஸ்கூல் டீமுக்கு ஆள் குறைகிறது என்று பி.டி. மாஸ்டர் கூப்பிட்டால்தான் பந்தைத் தொடுகிறாள். பந்தை நிறுத்துவது, திருப்புவது, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நகர்த்துவது, இதெல்லாம் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் காலில் ஏறுவது மாதிரி பிறகு ஏறாது. 2022-ல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றபோது அந்தப் பிள்ளைகளைப் போட்டுத் திட்டினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பந்தோடு வளர்ந்தவர்களுக்கு எதிரே, நாலைந்து வருஷம் முன்னால் பந்தைத் தொட்டவர்களை நிறுத்தினால் முகாம் எத்தனை மாதம் வைத்தாலும் அந்த இடைவெளி முழுசாக மூடாது.

ஆகவே ஆறு வயதில் அனுப்புங்கள். பன்னிரண்டு வயது வரை பையன்களோடு சேர்ந்தே ஆடட்டும், உடல் பலத்தில் அந்த வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது, வேகமான பையன்களிடமிருந்து பந்தைக் காப்பாற்றிப் பழகினவள் பிறகு யாரிடமும் தடுமாற மாட்டாள். பன்னிரண்டு வயது வரை நாலாம் சைஸ் பந்து போதும். அண்ணனின் பழைய பூட்ஸில் துணியை அடைத்துப் போட்டு அனுப்பாதீர்கள், கால் உள்ளே வழுக்கி கணுக்கால் பிசகும். நம் கிரவுண்டு மண் கட்டாந்தரை மாதிரி இறுகிக் கிடக்கும், அதற்கு நீள ஸ்டட்ஸ் வேண்டாம், அடியில் சின்னச் சின்னக் குமிழ் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ நல்லது.

அடுத்தது பதிமூன்று வயது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் நாம் யாருமே பேசுவதில்லை. பிள்ளை வயதுக்கு வந்ததும் வீட்டில் ஒரு மாதம் நிறுத்துகிறார்கள். ஒரு மாதம் மூன்று மாதமாகும். பிறகு வரும்போது ஷார்ட்ஸ் வேண்டாம், பேண்ட் போட்டுத்தான் ஆட வேண்டும் என்பார்கள், அப்புறம் சாயங்காலம் இருட்டிவிடுகிறது என்பார்கள், அப்புறம் ஒன்பதாவது படிப்பு என்பார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம் மாதிரித்தான் இருக்கும். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு ஃபுட்பால் பிளேயர் காணாமல் போயிருப்பாள்.

கோச்சுகளின் தவறும் இதில் உண்டு. ஐந்தாறு வருஷத்துக்கு முன் நான் என் டீமுக்கு வெள்ளை ஷார்ட்ஸ் எடுத்தேன், சல்லிசாகக் கிடைத்தது என்று. அந்த டோர்னமெண்ட்டில் மூன்று பேர் "வயிற்று வலி" என்று வரவில்லை. நானும் ஒரு பெண்தான், எனக்கே உறைக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை அழுதுகொண்டே சொன்னபோதுதான் புரிந்தது, மாதவிடாய்க் கறை வெள்ளையில் தெரிந்துவிடுமோ என்ற பயம். 2023-ல் இங்கிலாந்துப் பெண்கள் அணியே இதே காரணத்துக்காக வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. உலகத் தரத்தில் ஆடுகிறவர்களுக்கே அந்தச் சங்கடம் இருக்கிறது என்றால் புளியந்தோப்பிலிருந்து வரும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கருநீலமோ கறுப்போ எடுங்கள். கிட் பேக்கில் நாலு நாப்கின் எப்போதும் இருக்கட்டும். கிரவுண்டில் பாத்ரூம் இல்லையென்றால், பக்கத்தில் எந்த வீட்டில் போகலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மே மாத வெயிலில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மயங்கி விழுந்தால் "ஸ்டாமினா இல்ல" என்கிறோம். மாதவிடாய் நாளில் ஆடலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். வலி தாங்குகிற அளவில் இருந்தால் தாராளமாக ஆடலாம். தொடர்ந்து மூன்று மாதம் வராமலே போனால் மட்டும் டாக்டரைப் பாருங்கள், நிறைய ஓடி, சாப்பாடு குறைவாக இருந்தால் அப்படி நின்றுபோகும், எலும்பும் பலவீனமாகும்.

முட்டிக்கு வருவோம். பெண்களுக்கு முட்டி லிகமெண்ட் கிழிவது, குறிப்பாக ஏ.சி.எல்., ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடிவதும், தொடையின் பின்தசை பலமில்லாமல் இருப்பதும் முக்கியக் காரணங்கள். நம் கிரவுண்டுகளில் வார்ம் அப் என்றால் மூன்று ரவுண்டு ஓடுவது, கையைக் காலை ஆட்டுவது, உடனே மேட்ச். இது பெரிய தவறு. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம் அப் முறை இருக்கிறது, இருபது நிமிஷம்தான், எந்தக் கருவியும் வேண்டாம். ஒற்றைக்காலில் நின்று சமநிலை பிடிப்பது, குந்தி எழுவது, குதித்து மெதுவாக இறங்குவது, முட்டிபோட்டு உடம்பை முன்னால் சாய்த்து மீள்வது, ஓடிக்கொண்டே காலை ஊன்றித் திரும்புவது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் இதைச் செய்ய வைத்துப் பார்த்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வீடியோ இலவசமாகவே கிடைக்கிறது. வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள், செய்யும்போது முட்டி நேராக இருக்கிறதா என்று ஒவ்வொருத்தியாக நின்று பாருங்கள், சும்மா ஒப்பேற்றினால் பலன் இல்லை.

அடிபட்ட பிறகு செய்யும் தவறு இன்னும் மோசம். முட்டியில் "டப்"பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் அது சாதாரணப் பிசகு இல்லை. எண்ணெய் போட்டு நீவுவது, நாட்டுக் கட்டுப் போடுவது, பத்து நாளில் வலி குறைந்ததும் திரும்ப ஆட விடுவது, இப்படித்தான் என்னோடு ஆடிய ஒருத்தியின் முட்டி இருபது வயதில் முடிந்துபோனது. எலும்பு டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுங்கள். ஆபரேஷன் ஆனாலும் ஒன்பது மாதம் பொறுத்து, பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்தால் திரும்ப ஆடலாம்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "இரண்டாவது பாதியில் படுத்துடுறா" என்று நாம் சொல்லும் பிள்ளைக்கு முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். ஈரல், முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, காசிமேட்டில் கிடைக்கும் நெத்திலி, வாரத்தில் மாற்றி மாற்றி இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள், அது சத்தை உடம்பில் சேரவிடாது.

அப்புறம் கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை. உயரமான பிள்ளையைக் கோல் கீப்பர் ஆக்கி, பலமாக உதைக்கிறவளை முன்னால் நிறுத்தி, மற்றவர்களைப் பந்தைத் தூக்கிப் போடச் சொன்னால் லோக்கல் சிக்ஸ்-எ-சைட் (அணிக்கு ஆறு பேர்) கப் கிடைக்கும், ஆனால் பிள்ளைகள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பதினாலு வயது வரை எல்லாரையும் எல்லா இடத்திலும் ஆட விடுங்கள்.

இப்போது பணமும் பேப்பரும். சில வருஷங்களுக்கு முன் என் தெருவில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் கட்டியது. பிள்ளை "இந்தியா டீம்" செலக்‌ஷன் ஆகிவிட்டாள், வெளிநாட்டில் டோர்னமெண்ட் என்று ஒருவர் சொன்னார். நெஞ்சில் இந்தியா என்று எழுதிய ஜெர்சியும் கொடுத்தார்கள், மெடலும் வந்தது, தெருவில் பேனர் வைத்தோம். அது தேசிய அணியே இல்லை, அந்தச் சான்றிதழ் எந்த கோட்டாவிலும் செல்லவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு வரவில்லை, அவமானம். தெரிந்துகொள்ளுங்கள்: இந்திய அணி என்றால் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தேர்வு செய்யும் அணி ஒன்றுதான். அதற்குப் போகும் வழி மாவட்டச் சங்கம், தமிழ்நாடு கால்பந்து சங்கத்தின் மாநில அணி, நேஷனல்ஸ், லீக் கிளப், அங்கிருந்து முகாம். தேசிய அணி உங்களிடம் பணம் கேட்காது, டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. யாராவது பணம் கேட்டால் மாநிலச் சங்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பேப்பர் விஷயம் சின்னதாகத் தோன்றும். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு, டி.சி.யில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால். சம்மேளனத்தின் பதிவு ஆன்லைனில்தான், அங்கே இது மாட்டும். பத்து வயதிலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தி வையுங்கள். வயதைக் குறைத்துப் போடச் சொல்லும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், எலும்பு வயதுச் சோதனையில் மாட்டினால் தடை விழும்.

பாதுகாப்பையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். 2022-ல் 17 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஐரோப்பியப் பயணத்தின் நடுவில் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டார். தேசிய அணியிலேயே நடந்திருக்கிறது. அதனால் வெளியூர் மேட்ச் என்றால் கூட ஒரு பெண் பொறுப்பாளர் வருகிறாரா என்று கேளுங்கள், கேட்டால் கோச் கோபித்துக்கொண்டால் அந்த கோச் வேண்டாம். கோச் தனியாக ஒரு பிள்ளைக்கு ராத்திரி மெசேஜ் அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஏதாவது நடந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதுதான் நம் வழக்கம். தப்புச் செய்தவன் கிரவுண்டில் இருக்க, பிள்ளை வீட்டில் இருக்கிறாள். ஆளை மாற்றுங்கள்.

கடைசியாக, "ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேலை வாங்கிட்டு நிறுத்திடு" என்பது. வேலை முக்கியம், வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும், தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டாயம் முயற்சி செய்யுங்கள். ஆனால் வேலை கிடைத்ததும் நிறுத்தச் சொல்வதுதான் தவறு. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். முதலில் சொன்னேனே, வியாசர்பாடியில் கேள்வி கேட்ட அந்த அம்மா, அவரிடம் போன வாரம் இதைத்தான் சொன்னேன். அவர் பிள்ளைக்குப் பதினொரு வயது. "அடுத்த ரெண்டு வருஷம் எது நடந்தாலும் என்கிட்ட சொல்லாம நிறுத்தாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறார்.