மே மாதக் காலையில் வார்ப்ளர் தேட, முதலில் காதைத் தீட்டுங்கள்

டொரண்டோவில் என் முதல் வசந்தம். புது பைனாகுலரோடு ஹை பார்க் போய் மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். மரமெல்லாம் பாட்டு, கண்ணில் பட்டது ஒரு வால் நுனி. கழுத்துவலிதான் மிச்சம். அதற்கு இங்கே 'வார்ப்ளர் நெக்' என்று பெயரே இருக்கிறது. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவி வேறு குடும்பம். நான் தேடிய வார்ப்ளர் பத்து கிராம் எடையில், மஞ்சளும் கறுப்புமாக மின்னும் அமெரிக்கக் குருவி.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் கடைசியில் யெல்லோ-ரம்ப்டு வார்ப்ளர் வந்துவிடும். வால் தொடங்கும் இடத்தில் மஞ்சள் திட்டு இருந்தால் அதுதான். பெருங்கூட்டம் மே இரண்டாம், மூன்றாம் வாரங்களில். இவை இரவில் பறப்பவை. இரவு தெற்குக் காற்று வீசி, விடியலில் மழை பிடித்தால் ஆபீஸுக்கு லீவு சொல்லலாம். ஒன்டாரியோ ஏரியைக் கடந்த களைப்பில் கரையோர மரங்களிலேயே இறங்கிவிடும். டாமி தாம்சன் பூங்கா அதற்குத் தோதான இடம்.

அடுத்தது பாட்டு. முப்பது வகை வார்ப்ளரின் பாட்டையும் மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள், மூன்று போதும். ஓவன்பேர்ட் 'டீச்சர், டீச்சர், டீச்சர்' என்று கத்தும். கடைசி பெஞ்சுப் பையன் கூப்பிடுவதுபோல் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆள் தரையில் நடப்பவர், மேலே தேடாதீர்கள். காமன் யெல்லோத்ரோட் ஈரமான புதருக்குள்ளிருந்து 'விச்சிட்டி விச்சிட்டி' என்னும். பிளாக் அண்ட் வைட் வார்ப்ளரின் குரல் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம், ஆனால் ஊசிபோல் மெலிசு. அடிமரத்தில் ஊர்ந்து திரியும்.

மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் வையுங்கள், சமயத்தில் தப்பாகவும் சொல்லும். பதிவான பாட்டைப் போட்டுப் பறவையை இழுப்பது மட்டும் வேண்டாம். இரவெல்லாம் பறந்து வந்தது இரை தேடட்டும்.

குரல் கேட்டதும் நடப்பதை நிறுத்துங்கள். வெறும் கண்ணால் அந்தத் திசையைப் பாருங்கள். காற்றில் கிளையே ஆடும். குருவி இருந்தால் ஓர் இலை மட்டும் ஆடும். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரை உயர்த்துங்கள். இதுதான் முழு வித்தை. வீட்டு ஜன்னலில் நின்று பத்து நாள் பழகினேன். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். குளிர் அடிக்கும் காலையில் பூச்சிகள் தாழ்வாக இருக்கும், வார்ப்ளரும் கண் மட்டத்துக்கு இறங்கி வரும். ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும் சிக்கடீ என்ற சின்னக் குருவியின் குரல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள், கூட வார்ப்ளரும் மேயும்.

தெரிந்தவுடன் தொண்டையையும் இறக்கைப் பட்டைகளையும் பாருங்கள். கிடைப்பது மூன்று நொடி.

மே கடைசியில் பிளாக்போல் வார்ப்ளர் வரும். அதன் 'ட்சி ட்சி' அவ்வளவு உச்சத்தில் இருப்பதால் வயதானவர்கள் பலருக்குக் கேட்பதே இல்லை. அறுபது தாண்டிய நண்பர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் 'வந்தாச்சா?' என்று கேட்பார். வந்தது என்றால் சீசன் முடியப்போகிறது, மரங்களை இலையும் மூடிவிட்டிருக்கும்.