தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைச் சிறு குழந்தைகளுக்குக் கைவேலையோடு கற்பிக்கும் முறை

நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைச் சொல்லிக்கொடுக்க நாம் வழக்கமாக எடுப்பது, வட்டமாக வரைந்த நான்கு படங்களும் அவற்றுக்கிடையே நான்கு அம்புக்குறிகளும் கொண்ட சுவர்ப்படத்தைத்தான். முட்டை, தலைப்பிரட்டை, வாலுள்ள இளந்தவளை, தவளை என்று பத்தே நிமிடத்தில் குழந்தைகள் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் வியக்க வேண்டியதெல்லாம் அந்த அம்புக்குறிகளுக்குள்தான் நடக்கிறது. படமோ அதைக் காட்டுவதே இல்லை. இருந்த வால் எங்கே போயிற்று, இல்லாத கால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அழகாக ஒப்பித்த குழந்தையும் விழிக்கும். ஆகவே கீழே சொல்லும் முறையில் கையும் கண்ணும் முதலில் வேலை செய்யும். படம் கடைசியில் வரும், அதையும் குழந்தைகளே செய்வார்கள்.

பாடத்தை எப்போது தொடங்குவது என்பதை மழைதான் முடிவு செய்ய வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் இதற்கு ஏற்ற காலம். முதல் கனமழைக்கு மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் பின்னால் தேங்கிய குட்டையிலோ, வயலோரத்து வாய்க்காலிலோ, வீட்டுச் சிமெண்டுத் தொட்டியிலோ முட்டைகளைப் பார்க்க முடியும். பாடநூலில் இந்தப் பாடம் மூன்று மாதம் தள்ளி இருந்தாலும் மழையோடு சேர்த்து இதை முன்னால் நடத்திவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கோடையில் கரும்பலகையில் நடத்தும் தவளைப் பாடம் குழந்தைகளின் மனத்தில் நிற்பதில்லை.

முதல் வேலை, பெரியவர் ஒருவரின் துணையோடு முட்டைகளைத் தேடிப் போவது. தவளை முட்டை என்றால் ஒரே வடிவம் என்று நினைத்திருக்கும் குழந்தைக்கு இங்கேயே முதல் வியப்பு காத்திருக்கிறது. நம் வீட்டு முற்றத்தில் உலவும் தேரை, கண்ணாடி போன்ற நீண்ட இழைகளுக்குள் கரிய முட்டைகளை வரிசையாக இடுகிறது. அந்த இழைகள் நீர்ச்செடிகளில் சுற்றிக் கிடக்கும். வேறு பல தவளைகளின் முட்டைகள் நீரில் கொத்தாகவோ, நீர்ப்பரப்பில் மெல்லிய படலமாகவோ மிதக்கும். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மைத் திடுக்கிடச் செய்கிற மரத்தவளையோ நீருக்குள் முட்டையிடுவதே இல்லை. நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையிலோ தொட்டியின் உட்சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டி, அதற்குள் முட்டையிடுகிறது. இந்த நடையில் குழந்தைகள் எதையும் கையால் எடுக்க வேண்டாம். குந்தி உட்கார்ந்து பார்க்கட்டும், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதன் வழியாகப் பார்க்கட்டும், பார்த்ததை அங்கேயே வரையட்டும்.

வகுப்புக்குத் திரும்பியதும் ஒரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டிச் சப்ஜா விதையைப் போட்டு, ஒவ்வொரு குழந்தையும் தானே தண்ணீர் ஊற்றும்படி செய்யுங்கள். வறண்ட கறுப்பு விதையைச் சுற்றிச் சில நிமிடங்களில் சாம்பல் நிறத்தில் ஓர் உறை கிளம்பும். கால் மணி நேரத்தில் அது தெளிந்து, நடுவில் கறுப்புப் புள்ளியும் வெளியே வழவழப்பான கூழுமாக விதை பல மடங்கு பருத்துவிடும். தோற்றத்தில் தவளை முட்டையை ஒத்திருப்பது ஒருபுறமிருக்க, தவளை முட்டையின் மேலுறையும் இப்படித்தான், தாயின் உடலிலிருந்து வெளிவந்து நீரைத் தொட்டதும் அதை உறிஞ்சிப் பருக்கிறது என்பதே இந்தச் செயல்பாட்டின் பயன். ஊறிய ஒரு விதையை இரு விரல்களால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும், நசுக்கினாலும் நடுப்பொட்டு எளிதில் அகப்படாது. அந்த உறை எதற்காக என்பதைக் குழந்தையின் விரல்களே அதற்குச் சொல்லிவிடும். ஊறாத விதையையும் ஊறிய விதையையும் வெயிலில் ஒரு தட்டில் வைத்து, எது எப்போது காய்கிறது என்று பார்க்கச் செய்தால், குட்டை வற்றினால் முட்டைகளுக்கு என்ன ஆகும் என்ற பேச்சும் தானாக எழும்.

நுரைக்கூட்டைப் புரியவைக்கப் பூந்திக்கொட்டை ஊறிய நீரும் ஒரு சிறிய மத்தும் போதும். பெண் மரத்தவளை தன் உடலிலிருந்து சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்குகிறது. குழந்தைகளும் மத்தால் கடைந்து நுரை எழுப்பி, அதற்குள் கடுகைப் போட்டு வைக்கட்டும். உண்மையான கூட்டின் மேற்பரப்பு காய்ந்து உறைந்துவிட, உள்ளே ஈரம் நிற்கும். முட்டைகள் பொரிந்த பிறகு தலைப்பிரட்டைகள் கூட்டிலிருந்து நழுவிக் கீழேயுள்ள நீரில் விழும். பூந்திக்கொட்டை நுரை கண்ணில் பட்டால் எரியும் என்பதால் பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்தது உயிருள்ள தலைப்பிரட்டைகளைக் கவனிப்பது. முடிந்தவரை குட்டைக்கே வாரம் இருமுறை குழந்தைகளை அழைத்துச் சென்று பார்ப்பதுதான் சிறந்தது. குட்டை தொலைவில் இருந்தால், அல்லது ஓரிரு நாளில் வற்றிவிடும் நிலையில் இருந்தால், தேரையின் கரிய தலைப்பிரட்டைகள் ஐந்தாறை மட்டும், அவை வாழ்ந்த நீரோடு சேர்த்து, ஓர் அகன்ற தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். காட்டோடைகளிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் எதையும் எடுக்கக் கூடாது. அங்கே வாழும் இனங்களில் அரியவை பல. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் தவளை இனங்களும் உண்டு என்பதை ஆசிரியர் நினைவில் கொள்ள வேண்டும். வெவ்வேறு குட்டைகளின் தலைப்பிரட்டைகளைக் கலப்பதும் கூடாது. அப்படிக் கலப்பதால் நோய் பரவும். அத்துடன், வயல்களில் வாழும் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் ஊன் உண்பவை, மற்றத் தலைப்பிரட்டைகளை அவை தின்றுவிடும்.

தொட்டிக்கு மழைநீர் சிறந்தது. குழாய்நீர்தான் கிடைக்கும் என்றால், அதை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்துக் குளோரின் வெளியேறிய பிறகு ஊற்றுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பாதி நீரை மட்டும் மாற்றினால் போதும். முழுவதையும் மாற்றினால் திடீர் மாற்றத்தைத் தலைப்பிரட்டைகள் தாங்குவதில்லை. பாசி படிந்த ஒரு கல்லைப் போட்டுவிட்டால் உணவுக் கவலை பாதி தீரும். மீதிக்கு, உப்பில்லாமல் வேகவைத்து ஆறவைத்த கீரையை ஓர் இலையளவு கொடுக்கலாம். தின்னாமல் மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிட வேண்டும். பசியால் சாகும் தலைப்பிரட்டைகளைவிட, அன்பு மிகுதியால் குழந்தைகள் அள்ளிப்போடும் உணவு அழுகிச் சாகும் தலைப்பிரட்டைகளே அதிகம். தொட்டி நேர்வெயிலில் இருக்கக் கூடாது. அதன் மேல் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுவதையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் மழைக்காலம் டெங்குக் காலமும்கூட, மூடாத தொட்டி ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுத்துவிடும். தொட்டியைத் தொடும் முன் கையில் எண்ணெயோ சோப்போ இல்லாமல் வெறும் நீரில் கழுவுவதும், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவுவதும் குழந்தைகளுக்குப் பழக வேண்டும். முன்னது தலைப்பிரட்டையின் நலனுக்கு. பின்னது குழந்தையின் நலனுக்கு. தவளையைத் தொட்டால் மரு வரும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை, ஆனால் தேரையின் தோலில் சுரக்கும் பால் கண்ணை எரிக்கும், நீரில் வாழும் கிருமிகள் வயிற்றைக் கெடுக்கும், ஆகவே கைகழுவுவது கட்டாயம்.

கவனிப்பதற்கு ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதியும் ஒரு படமும் போதும். எழுதத் தெரியாத குழந்தை படம் மட்டும் வரையட்டும். பொரிந்த முதல் நாளில் தலைப்பிரட்டை உணவைத் தேடுவதில்லை. உடலில் மிஞ்சியிருக்கும் கருவுணவே அதற்குப் போதும். அப்போது உருப்பெருக்கியில் பார்த்தால் தலையின் இருபுறமும் இழையிழையாக வெளிச்செவுள்கள் தெரியும். சில நாளில் தோல் வளர்ந்து அவற்றை மூடிவிடும். ஒரு கண்ணாடிக் குவளையில் சில நிமிடங்கள் மட்டும் ஒன்றை மாற்றிக் கீழிருந்து பார்த்தால், வயிற்றுத் தோலின் வழியே குடல் சுருள் சுருளாக இருப்பதைக் காணலாம். பாசியைத் தின்னும் உயிருக்கு நீண்ட குடல் தேவை; பூச்சியைத் தின்னும் தவளையாக மாறும்போது அது வெகுவாகக் குறுகிவிடும். ஒரு நீளமான நூலைச் சுருட்டி ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கும் விளையாட்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதை விளக்கிவிடலாம்.

முதலில் வருவன பின்னங்கால்கள். வால் தொடங்கும் இடத்தில் மொட்டாகத் தோன்றி, மெல்ல மெல்ல நீண்டு, விரல் பிரியும். முன்னங்கால்களோ செவுள்மூடித் தோலுக்கு உள்ளேயே வளர்ந்து, முழங்கை துருத்தித் தெரிந்து, பிறகு ஒரேயடியாக வெளியே வந்துவிடுகின்றன. நேற்று இல்லாத கை இன்று எப்படி முழுதாக வந்தது என்று குழந்தைகள் கேட்பது இதனால்தான். முன்னங்கால் வந்த அன்றே தொட்டியில் சரிவான ஒரு கல்லை நீருக்கு மேலே தலை நீட்டும்படி வைத்துவிட வேண்டும். நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும் அந்தக் கட்டத்தில் ஏறி உட்கார இடமில்லையென்றால் குட்டித் தேரை நீரிலேயே மூழ்கி இறந்துவிடும். அந்தச் சில நாட்களில் வாய் அகன்று மாறிக்கொண்டிருப்பதால் அது எதையும் தின்பதில்லை.

அப்படியானால் எதைக்கொண்டு உயிர் வாழ்கிறது? இங்கேதான் சப்பாத்தி மாவை எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் உருண்டை மாவு கொடுத்து, அதை நீட்டித் தலையும் வாலுமாகத் தலைப்பிரட்டை செய்யச் சொல்லுங்கள். பிறகு மாவைக் கிள்ளி எறியவோ புதிதாக மாவு கேட்கவோ கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, அதையே தவளையாக்கச் சொல்லுங்கள். முதலில் பெரும்பாலான குழந்தைகள் வாலைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

“டீச்சர், வால் விழுந்துடுச்சு!”

“விழலையே. தொட்டியில போய்த் தேடிப் பாரு, எங்கயாவது வால் கிடக்குதா?”

தொட்டியில் வால் கிடைக்காது. திரும்பி வந்து, வால் மாவை மெல்ல உடலுக்குள் அழுத்திச் சேர்த்து, அதிலிருந்தே கால்களைப் பிடித்து இழுக்கும்போது, வால் அறுந்து விழவில்லை, உடலே அதைக் கரைத்து உள்ளிழுத்து உணவாக்கிக்கொண்டது என்பது குழந்தைக்கு விளங்கிவிடும். இதையெல்லாம் செய்யச் சொல்வது யார் என்று கேட்கும் குழந்தையும் இருக்கும். தலைப்பிரட்டையின் உடலிலுள்ள தைராய்டு சுரப்பியிலிருந்து வரும் ஒரு செய்தி என்று சொல்லலாம். 1912இல் குடர்நாட்ச் என்னும் ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு திசுவை உணவாகக் கொடுத்தபோது, அவை வழக்கமான அளவுக்கு வளரும் முன்னரே, மிகச் சிறிய உருவிலேயே தவளைகளாக மாறத் தொடங்கின. ஏழெட்டு வயதுக் குழந்தைகள் இந்தச் செய்தியை மிகவும் விரும்பிக் கேட்பார்கள்.

இறப்பையும் மறைக்கத் தேவையில்லை. தேரை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. வளர்ந்த தேரையாவது மிகச் சில. நூறு புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி, ஒரு குழந்தை மீன், ஒரு குழந்தை தும்பியின் நீர்ப்புழு, ஒரு குழந்தை தண்ணீர்ப்பாம்பு, ஒரு குழந்தை கொக்கு, மற்றொன்று வெயில் என்று முறைவைத்து ஒவ்வொரு கைப்பிடியாக எடுக்கச் செய்தால், கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டு கொட்டையைக் குழந்தைகள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். தொட்டியில் ஒரு தலைப்பிரட்டை இறந்தால், அதைக் குழந்தைகளுக்குத் தெரியாமல் அப்புறப்படுத்தாமல், இந்த விளையாட்டை நினைவூட்டிப் பேசுங்கள்.

மழை பெய்த இரவில் வீட்டு வாசலில் நின்று கேட்பதைப் பெற்றோருக்கான வேலையாகக் கொடுக்கலாம். கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைகள். பெண்ணை அழைக்கவே அவை கத்துகின்றன. பெருந்தவளையின் ஆண் அந்தக் காலத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறமாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலநிறப் பைகளை ஊதிக் குரலெழுப்பும். வயல்களில் இவற்றைப் பெருமளவில் பிடித்துக் காலை வெட்டி ஏற்றுமதி செய்துவந்ததை இந்தியா 1987இல் தடைசெய்தது.

இவ்வளவுக்கும் பிறகு படத்துக்கு வரலாம். நோட்டிலுள்ள படங்களை வெட்டி, ஒரு நீண்ட காகிதப் பட்டையில் தேதி வரிசைப்படி ஒட்டச் சொல்லுங்கள். நான்கு படங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும். பட்டை தேரையில் முடியும். அதற்கு அடுத்து என்ன என்று கேளுங்கள். பட்டையின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கும் யோசனை குழந்தைகளிடமிருந்தே வரும்வரை காத்திருங்கள். வளர்ந்த குழந்தைகளிடம் மேலும் ஒன்றைச் சொல்லலாம்: மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. அந்தத் தவளைக்கு வளையம் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னால், அதுவே நல்ல தேர்வாகவும் அமையும்.

தேரைக்குட்டி உருவாக, உணவையும் வெப்பத்தையும் பொறுத்து ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அப்போது அது ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். வால் முழுதும் மறைந்ததும், எடுத்த அதே குட்டையின் கரையில், ஈரமான புல் உள்ள நிழலில், மாலை நேரத்தில் விட்டுவிட வேண்டும். வளர்ப்பதற்கு வைத்துக்கொண்டால் அதற்கு வேண்டிய நுண்பூச்சிகளை நம்மால் கொடுக்க முடியாது. தொட்டி நீரை வாய்க்காலிலோ வேறு குட்டையிலோ ஊற்றாமல் வெயில் படும் வறண்ட மண்ணில் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அடுத்த மழைவரை கவிழ்த்து வையுங்கள்.